பழசாக்கும் வேலை

புது ஜீன்ஸைப் பழசாக்குவதுதான் வேலை என்று
பெர்ஸான் போனில் சொன்னபோது
ஊரே சிரித்தது.
இங்கே பழசைப் புதுசாக்கத்தான்
ஆளுக்கொரு ஊசியோடு உட்கார்ந்திருந்தோம்,
வேன் ஏரிக்கு அந்தப் பக்கம்,
பனி பிடித்த மலையில்.

நானும் போனேன். பத்தொன்பது வயது.
இஸ்தான்புல்லில் ஒரு ரொட்டிக்கடைக்குக் கீழே நிலவறை.
ஜன்னல் இடுக்கெல்லாம் நாடா ஒட்டி அடைத்திருந்தார்கள்.
தூசு வெளியே வந்தால்
பக்கத்து வீட்டில் துவைத்துக் காயப்போட்டது வீணாகிறதாம்.

குழாயை அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும்.
கம்ப்ரஸர் உறுமும். மணல் சீறும்.
தொடையில் ஒரு வீச்சு, முட்டியில் இரண்டு,
பின்னால், உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தது போல
வட்டமாய் ஒன்று.
மூன்று நிமிடத்தில்
யாரோ பத்து வருடம் வாழ்ந்த கால்கள்
மேஜைமேல் கிடக்கும்.

பெர்ஸான் கெட்டிக்காரன்.
குதிரை ஏறியவன் தேய்வு வேறு,
மண்டியிட்டுத் தொழுதவன் தேய்வு வேறு என்பான்.
ஒருநாள் ஒன்றைத் தூக்கிக் காட்டி,
‘பார், இவனுக்கு வலது கால் கொஞ்சம் இழுக்கும்’ என்றான்.
பதினோரு பேரும் சிரித்தோம்,
இமையெல்லாம் வெள்ளையாக.

மாஸ்க் வாரத்துக்கு ஒன்று. காகிதம்.
படுக்கை அங்கேயே, துணிக்கட்டுகளின் மேல்.
விடியலில் மேலேயிருந்து ரொட்டி வாசம் இறங்கி வரும்.
நாக்கில் நெறநெறத்ததை
மாவு என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஏழு மாதத்தில் என்னை ராணுவம் கூப்பிட்டது.
அவனுக்கு மூன்றரை வருடம் கழித்துத்தான்
படி ஏற முடியாமல் போனது.
எனக்கும் அவனுக்கும் வேறு வித்தியாசமில்லை.
ஒரே வருடம் பிறந்தோம்,
ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கினோம்.

காசநோய் என்று ஒருவர் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்.
அடுத்தவர்தான் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு
வெகுநேரம் பேசாமல் நின்றார்.
‘எந்தக் குவாரி?’
‘குவாரி இல்லை ஐயா. பேன்ட்.’

மருத்துவக் குழு.
மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் எழுத்தர்.
முதலாளி பெயர்?
ஹாஜி என்று கூப்பிடுவோம்.
முழுப்பெயர்?
ஹாஜி.
முகவரி?
ரொட்டிக்கடைக்குக் கீழே.
அங்கே இப்போது போன் விற்கிறார்கள்.
கூட வேலை பார்த்தவர்கள்?
நான் கையைத் தூக்கினேன். இன்னும் ஆறு பேரைச் சொன்னேன்.
மிச்ச நால்வரின் ஊரைச் சொன்னேன்,
எந்த மேட்டில் புதைத்திருக்கிறது என்றும்.
‘ஆதாரம் இல்லை’ என்று எழுதிவிட்டு
முத்திரை எடுக்க எழுந்தார்.

நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் பார்த்தோம்.
தொடையில் ஒரு வீச்சு. முட்டியில் இரண்டு.
திரும்பியபோது, பின்னால், வட்டம்.

பெர்ஸான் சிரிக்கத் தொடங்கினான்.
சிரிப்பு பாதியில் இருமலாகி
அவனை மடக்கிப் போட்டது.
அந்தப் பையன் ஓடி வந்து
தண்ணீர் கொடுத்தான், முதுகைத் தடவினான்.
நல்ல பையன்தான்.
எங்கே வாங்கினாய் என்று கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
இப்போதெல்லாம் இயந்திரமே தேய்க்கிறதாம்.
எங்களில் ஒருவன் கையாகவும் இருக்கலாம்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வேலைத்திறன் இழப்பு நாற்பத்தாறு சதவீதம்.
உதவித்தொகைக்கு இது போதாது,
அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள்.

வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம்
கம்ப்ரஸரின் தம்பி போல முனகுகிறது.
பனிக்காற்றில் மின்சாரம் போனால்
குல்பஹார் ஜெனரேட்டரை இழுத்து உதைக்கிறாள்.
குழாய் இப்போது அக்குளில் இல்லை, மூக்கில்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்
அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஜீன்ஸ்,
நீலம், சாதா.
இன்னும் அதையேதான் போட்டிருக்கிறான்.
கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில்.
முட்டியில் ஒரு நூல்கூட
வெளுக்கவில்லை.